வீங்கியது ஒரு கால் மட்டுமா?

கால் வலி, கால் வீக்கம் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்காக ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாபநாசம் தொடங்கி ஏரல் வரை தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தவை. அம்பாசமுத்திரத்துக் கடிதத்துக்கு முதலிடம். அதில் அவசரம் இருக்கிறது.

எங்கள் மதினிக்கு வயது 46. இடது தொடையில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று நாலு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாள்கூட விட்டதில்லை. வீக்கம் வடியவில்லை, தொடை முன்பைவிடப் பருத்திருக்கிறது. மறுபடி ஸ்கேன் எடுத்த டாக்டர், "ரத்தக்குழாய்க்கு உள்ளேயே கட்டி இருக்கிற மாதிரி தெரியுது, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துருவோம்" என்கிறார். ரத்தக்குழாய்க்குள் கட்டி வளருமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

வளரும், மிக மிக அரிதாக. உங்கள் டாக்டர் சரியான நேரத்தில் சரியான சந்தேகத்தை எழுப்பியிருக்கிறார். எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள்.

காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள் சிரைகள். அவற்றின் சுவரில் மெல்லிய தசை இழைகள் உண்டு. அந்தத் தசையிலிருந்து கிளம்பும் புற்றுக்கட்டிக்கு லியோமயோசார்கோமா என்று பெயர். 1871-ல் பெர்ல் என்ற மருத்துவர் இதை முதன்முதலாக விவரித்தார். அவர் கண்டது வயிற்றுக்குள் ஓடும் பெருஞ்சிரையில். இன்றைக்கும் சிரைகளில் இது அதிகம் வரும் இடம் அதுதான். காலில் வந்தால் தொடையின் ஆழச் சிரையிலோ, கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை உள்பக்கமாக ஏறும் நீளமான மேற்சிரையிலோ வருவது வழக்கம்.

எவ்வளவு அரிது? பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்று அளவுக்குத்தான் தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் சார்கோமா. அதில் ஒரு சிறு பங்குதான் லியோமயோசார்கோமா. அந்தச் சிறு பங்கிலும் நூற்றுக்கு இரண்டு போலத்தான் ரத்தக்குழாய்ச் சுவரில் பிறக்கிறது. பல டாக்டர்கள் ஆயுசுக்கும் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இது தாமதமாகப் பிடிபடுகிறது.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டி உள்ளே அடைத்துக்கொண்டால் ரத்த ஓட்டம் மந்தமாகும். மந்தமானால் அதைச் சுற்றி உண்மையாகவே ரத்தம் உறையும். மாத்திரை அந்த உறைவைக் கொஞ்சம் அடக்கும், வலி கொஞ்சம் குறையும். எல்லாரும் நிம்மதியாகி விடுவார்கள். கட்டி மட்டும் தன் போக்கில் வளர்ந்துகொண்டிருக்கும். ஒழுங்காக மருந்து எடுத்தும் மூன்று மாதத்தில் வடியாத வீக்கம், அதிலும் பருத்துக்கொண்டே போகும் வீக்கம், மறுபரிசீலனை கேட்கிற வீக்கம். முதலில் எழுதிய நோயின் பெயரையே பிடித்துக்கொண்டு மருந்தின் அளவை மட்டும் கூட்டுவது போதாது.

அது கேன்சரா, இல்லையா? ஸ்கேனில் தெரிந்துவிடுமா?
— வாசகி, பேட்டை

தெரியாது. ஸ்கேன் சந்தேகத்தைத்தான் சொல்லும். சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் முடிவு.

நான் கல்லூரியில் ரேடியாலஜி டெக்னாலஜி படிக்கிறேன். ரத்த உறைவையும் கட்டியையும் டாப்ளரில் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?
— மாணவர், பாளையங்கோட்டை

தம்பி, கேட்க வேண்டிய கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடை இடுக்கில் ஜெல் தடவி, புரோபை வைத்து மெல்ல அழுத்துங்கள். திரையில் இரண்டு வட்டங்கள் தெரியும். துடித்துக்கொண்டிருப்பது தமனி, பக்கத்தில் அமைதியாக இருப்பது சிரை. அழுத்தியதும் நல்ல சிரை தட்டையாகிக் கண்ணை மூடிக்கொள்ளும். கையை எடுத்தால் திறக்கும். உள்ளே ஏதாவது அடைத்திருந்தால் மூடாது. கால் சிரை உறைவைக் கண்டுபிடிப்பதன் அடிப்படையே இந்த ஒரு அழுத்தம்தான்.

மூடாத சிரையைப் பார்த்ததும் ரிப்போர்ட்டில் 'உறைவு' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடக் கூடாது. உள்ளே இருப்பது என்ன என்று இன்னும் ஒரு நிமிடம் பாருங்கள். வண்ண டாப்ளரைப் போடுங்கள். உறைவுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது, அது செத்த பொருள். கட்டிக்கு உயிர் உண்டு, தீனி வேண்டும். அதனால் அதற்குள் பொடிப்பொடியாகச் சிவப்பும் நீலமும் மின்னும், அலையை எடுத்தால் தமனித் துடிப்பு வரும். இரண்டாவது, அகலம். பழைய உறைவு நாளாக நாளாகச் சுருங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், சிரையும் சிறுத்துப்போகும். கட்டி சிரையை உள்ளிருந்து விரித்துக்கொண்டே போகும். மூன்றாவது, பழைய படம். முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டு, அதே இடத்தில் அளவு கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாள்பட்ட உறைவுக்குள்ளும் சில நேரம் புது வழி திறந்து ரத்தம் ஓடும். அதனால் வண்ணம் தெரிந்ததுமே கட்டி என்று முடிவுகட்ட முடியாது. மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. அடுத்த படி. கட்டி அந்த மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும், உறைவு தெரியாது. உங்கள் கண்ணில் படாதது டாக்டருக்கு எட்டாது என்பதை மறக்காதீர்கள்.

காலையில் சொளவை மடியில் வைத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறேன். பீடி சுற்றி முடிக்கும்போது இரண்டு காலும் கணுக்காலில் வீங்கி இருக்கிறது. காலையில் வடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். இது கட்டியா?
— வாசகி, முக்கூடல்

இல்லை அம்மா. இரண்டு காலும் ஒன்றுபோல வீங்கி, இரவு படுத்தால் வடிகிற வீக்கம் சிரைக் கட்டியின் குணம் அல்ல.

கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரையிலிருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நடந்தால்தான் அது சுருங்கும். மணிக்கணக்கில் காலை மடக்கி உட்கார்ந்தால் ரத்தம் கீழேயே தேங்கி, நீர் கசிந்து கணுக்கால் உப்பும். பட்டமடையில் பாய் நெய்கிறவர்களுக்கும், வீரவநல்லூரில் தறியில் உட்காருகிறவர்களுக்கும் இதே கதைதான். வயலில் நாள் முழுக்கக் குனிந்து நின்று நாற்று நடுகிறவர்களுக்கும் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை கட்டு போட்டதும் எழுந்து வாசல் வரை நடங்கள். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை ஆட்டுங்கள். ராத்திரி காலுக்கடியில் ஒரு தலையணை.

இப்போதே ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். முன்காலின் எலும்பு மேல் கட்டைவிரலால் பத்து எண்ணும் வரை அழுத்திவிட்டு விரலை எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது நீர் வீக்கம். குழி முழங்கால் வரைக்கும் விழுகிறது, காலையிலும் முகமோ காலோ உப்பியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் இதயம், சிறுநீரகம், ஈரல், தைராய்டு எல்லாம் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

எனக்கு பி.பி. மாத்திரை மாற்றிய பிறகுதான் கால் வீங்குகிறது. சம்பந்தம் உண்டா?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

உண்டு. அம்லோடிபின் என்ற மாத்திரை பலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். நீங்களாக நிறுத்தாதீர்கள் ஐயா. மாத்திரைப் பட்டையைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், அளவைக் குறைப்பார் அல்லது வேறு எழுதுவார்.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. சீசன் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து நன்றாக நீவிவிட்டுக் குளித்தால் சரியாகுமா?
— வாசகர், கடையம்

கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், டாப்ளர் பார்க்கும் வரை அந்தக் காலை யாரும் நீவக் கூடாது, உருவக் கூடாது, 'சுளுக்கு' என்று வழிக்கக் கூடாது. உள்ளே உறைவு இருந்தால், நீவுகிற கை அதைப் பிய்த்துவிடும். பிய்ந்த துண்டு சிரை வழியாக இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரல் குழாயை அடைக்கும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுத்தால் நெஞ்சில் குத்து, இருமலில் ரத்தம், மயக்கம். உயிரே போகலாம்.

அருவி எங்கும் போய்விடாது. முதலில் ஸ்கேன். அன்றைக்கே.

குறுக்குத்துறையில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் வலி நன்றாகக் குறைகிறது. அப்படியானால் எனக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?
— வாசகர், திருநெல்வேலி டவுன்

குறைவது உண்மை, அர்த்தம் தப்பு. தண்ணீர் ஆழமாக ஆக அதன் அழுத்தம் கூடும். கணுக்காலில் அதிகம், இடுப்பில் குறைவு. டாக்டர் எழுதித் தரும் அழுத்தக் காலுறையும் இதே முறையில்தான் செய்யப்படுகிறது. தேங்கிய நீரைத் தண்ணீர் மேலே தள்ளுவதால் கால் லேசாகிறது. வேரிகோஸ் தொல்லை உள்ளவர்கள் தண்ணீரில் நடப்பது நல்ல பயிற்சிகூட. ஆனால் சிரையில் என்ன அடைத்திருந்தாலும் இந்தச் சுகம் கிடைக்கும். சுகத்தை வைத்து நோயைத் தள்ளுபடி செய்யாதீர்கள். காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

முழங்காலுக்குக் கீழே தோலுக்கடியில் பட்டாணி அளவில் ஒரு முடிச்சு. பல வருஷமாக இருக்கிறது. சேலை உரசினால்கூடச் சுரீர் என்கிறது. குளிர்காற்று பட்டால் இன்னும் மோசம். கேட்டால் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்கிறார்கள்.
— வாசகி, வீரவநல்லூர்

ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களுக்கு வலிக்கவில்லை. உங்களுக்கு வலிக்கிறது, ஆகவே ஏதோ இருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஆஞ்சியோலியோமயோமா என்ற கட்டியோடு நன்றாகப் பொருந்துகின்றன. இதுவும் சிறு சிரையின் தசைச் சுவரிலிருந்து வருவதுதான், ஆனால் புற்று அல்ல. பெண்களுக்கு, பெரும்பாலும் 30 முதல் 60 வயதுக்குள், முழங்காலுக்குக் கீழே வரும். அளவில் சின்னது, வலியில் பெரியது. குளோமஸ் கட்டி என்று இன்னொன்றும் குளிரில் இப்படித் துடிக்கும். ஆனால் அது பெரும்பாலும் விரல் நகத்தடியில் வரும்.

ஒரு அல்ட்ராசவுண்ட், பிறகு சின்ன அறுவை சிகிச்சை. முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. எடுத்ததைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் வலித்தும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற பெண்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களில் ஒருவராக இருக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இடது காலில்தான் உறைவு வந்தது. ஏன் எப்போதும் இடது கால்?
— வாசகி, சேரன்மகாதேவி

உடம்பின் அமைப்பு அப்படி. அடிவயிற்றில் வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின் மேல் குறுக்காகப் போகிறது. பின்னால் முதுகெலும்பு. இரண்டுக்கும் நடுவில் சிரை நசுங்குகிறது. 1957-ல் மே, தர்னர் என்ற இரு மருத்துவர்கள் 430 சடலங்களைப் பரிசோதித்து, நூற்றுக்கு 22 பேரிடம் அந்த இடத்தில் சிரைக்குள் தழும்பு விழுந்திருப்பதைக் கண்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு இதனால் தொல்லையே வருவதில்லை. கர்ப்ப காலத்திலும், நீண்ட படுக்கையிலும் இடது கால் முந்திக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

அம்மாவுக்கும் வந்து மகளுக்கும் வந்திருப்பதால், ரத்தம் சீக்கிரம் உறையும் பரம்பரைக் குணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வந்தால் அடிவயிற்றுக்கும் சேர்த்து ஸ்கேன் எடுக்க வேண்டும். இடுப்புக்குள் நெறிக்கட்டியோ வேறு கட்டியோ வெளியிலிருந்து சிரையை அழுத்தினாலும் காலில்தான் வீக்கம் தெரியும். முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

வேறு இடத்துக் கேன்சர் காலில் ரத்த உறைவாகத் தெரியுமா? எங்கோ படித்தேன்.
— ஆசிரியர், ஸ்ரீவைகுண்டம்

தெரியும். பாரிஸ் மருத்துவர் அர்மான் ட்ரூஸோ 1865-ல் தம் விரிவுரையில் இதைச் சொன்னார். காரணமில்லாமல் சிரைகளில் உறைவு வந்தால் உள்ளே புற்று ஒளிந்திருக்கலாம் என்று. கொஞ்ச காலத்தில் அவருக்கே சிரையில் உறைவு வந்தது. தமக்கு என்ன என்று அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. 1867-ல் வயிற்றுப் புற்றால் இறந்தார். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அந்த அடையாளம் வழங்குகிறது.

அதற்காக உறைவு வந்த எல்லோரும் தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை, பிரசவம், எலும்பு முறிவு, நீண்ட படுக்கை, கருத்தடை மாத்திரை என்று எந்தக் காரணமும் இல்லாமல் வந்ததா? எடை குறைகிறதா? பசி போய்விட்டதா? மலத்திலோ சிறுநீரிலோ ரத்தமா? இவற்றை டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகப் புற்று சிரை வழியாகவே வயிற்றுப் பெருஞ்சிரைக்குள் வளர்ந்து இரண்டு காலையும் வீங்க வைப்பதுண்டு.

கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்று சில வருஷங்களுக்கு முன்பு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது கால் வீக்கமும் மூச்சிரைப்பும். இரண்டுக்கும் தொடர்பு இருக்க முடியுமா?
— வாசகி, ஆலங்குளம்

அபூர்வமாக இருக்க முடியும். நார்க்கட்டி சாதுவானதுதான். ஆனால் சில பெண்களிடம் அதே தசை, இடுப்புச் சிரைகளுக்குள் நுழைந்து கொடிபோல மேலே வளரும். பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது அறை வரை எட்டியவர்கள் உண்டு. கர்ப்பப்பையை எடுத்துப் பல வருஷம் கழித்தும் வரலாம். புற்று இல்லை, ஆனால் இருக்கும் இடம் ஆபத்து. எதற்கும் முன்னால் ஒரு எக்கோ எடுங்கள். பழைய ஆபரேஷன் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். கால் வீக்கத்துக்காகப் போகும்போது கர்ப்பப்பையைப் பற்றி நாம் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போனால் எக்கோவுக்கு நாள் குறிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நுரையீரலில் உறைவு அடைத்தாலும் இப்படித்தான் இருக்கும்.

உறைவுக்கு வார்ஃபரின் சாப்பிடுகிறேன். கீரையே கூடாது என்கிறார்களே?
— வாசகர், பட்டமடை

கூடும். அளவு மாறக் கூடாது, அவ்வளவுதான். ஒரு வாரம் தினமும் முருங்கைக் கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் ரத்தப் பரிசோதனை எண் தடுமாறும். வலி மாத்திரையைக் கடையில் வாங்கிச் சேர்த்துச் சாப்பிடுவதுதான் பெரிய ஆபத்து. வயிற்றில் ரத்தக் கசிவு வரும்.

பயாப்சி எடுத்தால், கத்தி பட்டால், கட்டி பரவிவிடும் என்று எங்கள் ஆச்சி எடுக்கவே விடமாட்டேன் என்கிறார்.
— வாசகர், மேலப்பாளையம்

ஆச்சியின் பயத்தை உதறித் தள்ளாமல் பதில் சொல்கிறேன். முறையாக ஊசியால் துணுக்கு எடுப்பதால் நோய் பரவிவிடும் என்பது சரியல்ல. அது இல்லாமல் சிகிச்சையே தொடங்க முடியாது. ஆனால் எங்கே, எப்படி எடுக்கிறோம் என்பது முக்கியம். சார்கோமா சந்தேகம் இருந்தால், பின்னால் அறுவை செய்யப்போகும் குழுவே ஊசி போகும் வழியைத் தீர்மானிக்க வேண்டும். அந்த வழியையும் சேர்த்துத்தான் பிறகு வெட்டி எடுப்பார்கள்.

கெடுதல் வருவது வேறு இடத்தில். 'சும்மா கொழுப்புக்கட்டிதான்' என்று எம்.ஆர்.ஐ. எதுவும் இல்லாமல் சின்ன அறையில் கிழித்து, பாதியை எடுத்து, பாதியை விட்டுவிடுவது. அதன்பிறகு வரும் அறுவை இரண்டு மடங்கு பெரிதாகிவிடுகிறது. பயாப்சியைப் பற்றிப் பயப்படும் ஆச்சி, இதைப் பற்றிப் பயப்பட்டால் நியாயம்.

உறுதியானால் காலை எடுத்துவிடுவார்களா?
— வாசகர், ஏரல்

பெரும்பாலும் இல்லை. மேற்சிரையில் இருந்தால் சிரையோடு, சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு எடுத்துவிடுவார்கள். அந்தச் சிரை இல்லாமல் கால் வாழும். இதய பைபாஸுக்கே அதைத்தானே உருவுகிறார்கள். ஆழச் சிரை என்றால் வேலை கடினம். பக்கத்திலேயே தமனி ஒட்டியிருக்கும், அதையும் எடுத்துச் செயற்கைக் குழாயோ மறுகாலின் சிரையோ வைத்துத் தைக்க வேண்டி வரும். கட்டி மெதுவாக அடைத்திருந்தால், ரத்தம் அதற்குள் பக்கவழிகள் தேடிக்கொண்டிருக்கும். அப்போது சிரையை மறுபடி வைக்காமலே விடுவதும் உண்டு. கதிர்வீச்சு கூடவே தேவைப்படலாம். சிலருக்குக் கீமோதெரபி.

இந்தக் கட்டி ரத்தத்தில் ஏறி முதலில் போவது நுரையீரலுக்கு. அதனால் நெஞ்சு சி.டி. ஸ்கேனும், பல வருஷத் தொடர் பரிசோதனையும் கட்டாயம். சீக்கிரம் கண்டு முழுதாக எடுத்தவர்களுக்கே நல்ல வாய்ப்பு. அலைந்து திரிந்து பத்து மாதம் கழித்து வருகிறவர்களைப் பற்றி ஆறுதலாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

எங்கே போவது? செலவுக்கு என்ன செய்வது?
— பல வாசகர்கள்

டாப்ளருக்கு ஊரைத் தாண்ட வேண்டியதில்லை. 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி இருக்கிறது, 2019-ல் அங்கே பன்னோக்கு உயர்சிறப்புக் கட்டடமும் திறக்கப்பட்டது. சிரைக் கட்டி என்று சந்தேகம் வலுத்தால் ரத்தக்குழாய் அறுவை நிபுணரும் புற்றுநோய் நிபுணரும் சேர்ந்து பார்க்கிற இடம் வேண்டும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் ரத்தக்குழாய் அறுவைக்கென்றே தனித்துறை உண்டு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் நடக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் நோய் வரும் வரை காத்திராமல் இப்போதே கலெக்டர் ஆபீசில் பதிந்துகொள்ளுங்கள். விவரம் தெரியவில்லையா, 104-க்குப் போன் போடுங்கள். ஒரு கால் வீங்கி மூச்சும் திணறினால் யோசிக்காமல் 108.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய ஸ்கேன் படம், சி.டி., ரிப்போர்ட், சாப்பிட்ட மாத்திரைப் பட்டை எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போங்கள். கடையில் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதைச் சொல்லப்போவது அந்தப் பழைய படம்தான்.